கழுத்துக் கயிறு

சீன தேசத்து மலையாறு ஒன்றில் பெங் என்ற கிழவர் நீர்க்காகங்களை வைத்து மீன் பிடித்து வந்தார். பறவையின் கழுத்தில் வைக்கோல் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். அது மூழ்கிப் பிடிக்கும் மீன் தொண்டையில் இறங்காது, மீனவர் எடுத்துக்கொள்வார். உச்சிப்பொழுதில் கயிற்றை அவிழ்த்து, பறவைகளையும் வயிறாரத் தின்ன விடுவது அந்த ஆற்றின் வழக்கம்.

அன்று பெங் அவிழ்க்கவில்லை. சாயங்காலம் அறுவடைத் திருவிழா. அதிக மீன் கொண்டுவருகிறவருக்குத்தான் பந்தியில் முதல் இடம். வருஷா வருஷம் அதில் அக்கரை மீனவன் கூ உட்கார்ந்து தொலைக்கிறான். இந்த முறை பெங் விடுவதாக இல்லை.

வெயில் சாய்ந்தபோது பறவைகள் மூங்கில் தெப்பத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. கழியால் தள்ளிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். ஒன்றுகூட இறங்கவில்லை.

கரையில் கீரை அலசிக்கொண்டிருந்தாள் அவருடைய குரு ஷியா. தாவோ வழியில் வாழும் துறவி. பெங்கின் மகளைவிடச் சின்னவள்.

"குருவே, ஆசையை விடுவதைப் பற்றி நாளைக்குச் சொல்லுங்கள். இப்போது இதுகளைத் தண்ணீரில் இறக்க ஒரு வழி சொல்லுங்கள்!"

"மத்தியானம் தின்ன விட்டீர்களா?"

"திருவிழா முடியட்டும் என்று..."

"நீங்கள் சாப்பிட்டீர்களா?"

"அதற்கெல்லாம் எங்கே நேரம்!"

ஷியா தெப்பத்தில் ஏறினாள். ஒவ்வொரு கழுத்திலும் கயிற்றை அவிழ்த்தாள்.

"ஐயோ, பிடிப்பதையெல்லாம் தின்றுவிடுமே!"

தின்றன. தொபுக் தொபுக்கென்று குதித்து, வால் துடிக்கத் துடிக்க விழுங்கின.

"என்னய்யா பெங்," அக்கரையிலிருந்து கூ கத்தினான், "உன் வீட்டில் கல்யாணமா? எனக்குச் சொல்லவே இல்லையே!"

திட்டுவதற்காக பெங் வாயைத் திறந்தார். அதற்குள் கிழட்டுப் பறவை ஒன்று, புடைத்த வயிற்றோடு தெப்பத்தில் ஏற முடியாமல் ஏறி, அவர் மடியில் புரண்டு விழுந்து ஏப்பம் விட்டது. திட்டு சிரிப்பாக வந்தது. விலா வலிக்கச் சிரித்தார்.

ஷியா தன் பையிலிருந்து ஒரு சோற்று உருண்டையை எடுத்து நீட்டினாள். வாங்கி வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"இன்றைக்கும் அவன்தான் முதல் இடத்தில் உட்காருவான், குருவே. அதை நினைத்தால் எனக்கு ஒரு கவளம்கூட இறங்காது."

ஷியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் அருகில் வந்தாள்.

"கொஞ்சம் குனியுங்கள் ஐயா. முடிச்சு பின்பக்கம்தான் இருக்கும்."