தாணுலிங்கத்தின் வாசல் தகடு

தாணுலிங்கத்துக்கு வயது அறுபத்து மூன்று. தேனீ வளர்ப்பில் அவருடைய குரு ஜெபசெல்விக்கு முப்பத்தாறு. அவர் கிளைச் சிறையில் முப்பது வருடம் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் மரப்பொந்துத் தேனீக்களைப் பெட்டிக்கு மாற்றிக் கொடுப்பாள். ஊரே அவளை சிஸ்டர் என்று கூப்பிடும். சீடரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

வீடு கட்டுவதற்காக வெட்டப்போன ஓர் அயனி மரம். அதன் பொந்திலிருந்து ஐந்து தேனடைகளைத் தாணுலிங்கம் தன் கையாலேயே அறுத்து எடுத்தார். சிஸ்டர் பக்கத்தில் நின்றாள், தொடவில்லை. ஒவ்வொரு அடையையும் மேல் கீழ் மாறாமல் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டினார். ராணியைத் தேடிப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டதும் அவரே. பதினோரு இடத்தில் கொட்டு வாங்கினார். அதைத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

இருபதாம் நாள் சிஸ்டர் பார்க்க வந்தாள். பெட்டிக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, முகப்பில் தன் பெயரையும் எழுதி வைத்திருந்தார்.

"சிஸ்டர், இனி எனக்க தேனீன்னு சொல்லலாம் இல்லியா?"

அவள் குனிந்து பெட்டியின் வாசலைப் பார்த்தாள். துளைத் தகடு இன்னும் அங்கேயே இருந்தது. வேலைக்கார ஈக்கள் அதன் துளை வழியே போய்வரும். உடம்பு பெருத்த ராணியால் முடியாது. ராணி போகாவிட்டால் கூட்டமும் போகாது. புது இடம் பழகும்வரை சில நாள் வைப்பார்கள்.

"இதை எப்போ எடுக்கச் சொன்னேன்?"

"ஏழாம் நாள்."

"எடுக்கலையே?"

"எடுத்தா போயிரும்லா?" அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "முப்பது வருஷம் சிஸ்டர். எனக்க காவல்லேருந்து ஒருத்தன்கூட தப்பிச்சதில்ல."

"தானா இருந்தவங்க யாராவது உண்டா, சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. அவள் ஓர் ஈர்க்குச்சியால் தகட்டுக்குப் பின்னாலிருந்து எதையோ கிளறி வெளியே தள்ளினாள். கறுத்த, தடித்த உடல்கள். ஒரு கைப்பிடி இருக்கும்.

"ஆண் ஈ. இதுக்கும் உடம்பு பெருசு. வெளிய போகப் பாத்துப் பாத்து செத்திருக்கு."

தாணுலிங்கம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது.

"அப்போ எனக்க தேனீன்னு எப்பத்தான் சொல்லது?"

"முதல்ல தேனீ எல்லாம் உங்கள ‘எங்க சாரு’ன்னு சொல்லட்டும்."

"கேலி செய்யாதீங்க."

"கேலி இல்ல. தகட்டை எடுங்க."

"நீங்களே எடுங்க."

"பெட்டியில யாரு பேரு எழுதியிருக்கு?"

அவர் எடுத்தார். அடைந்து கிடந்த ஆண் ஈக்களோடு மற்ற ஈக்களும் குபுகுபுவென்று வெளியே வந்தன. முற்றம் முழுக்க ஒரே இரைச்சல்.

"போச்சு! போச்சு சிஸ்டர்!"

தகட்டைத் திரும்ப வைக்க ஓடினார். சிஸ்டர் தடுக்கவில்லை. துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் தகட்டை வாசல்வரை கொண்டுபோனார், ஆனால் வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கி, ஈக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"இன்னிக்குத் திரும்பிட்டு. நாளைக்கு?"

"நாளைக்கு உள்ளது எனக்குத் தெரியாது, சார்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது, பெட்டிக்கு எதிரே அவர் காவலுக்குப் போட்டிருந்த நாற்காலியின் கால்கள் மண்ணில் நன்றாகப் புதைந்திருந்தன. அவர் கையுறை இல்லாமலே மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே சாண் நீளத்துக்குப் புது அடை, வெள்ளை வெளேரென்று. வாசலில் ஈக்கள் காலில் மஞ்சள் மகரந்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்தன. தகடு அவர் சட்டைப்பையில் இருந்தது.

"வியாழக்கிழமை மொத்தமா வெளிய வந்துது, சிஸ்டர். ராணியும்தான். தென்னைக்கு மேல ரெண்டு சுத்து. எனக்கு உசிரே இல்ல."

"பிறகு?"

"எல்லாம் திரும்ப உள்ள வந்துது."

"உள்ள வந்ததும் தகட்டை வச்சிருக்கலாமே?"

"வச்சிருக்கலாம்." சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வைக்கல்ல."

சிஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. மண்டியிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கேட்டாள். தாணுலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன சிஸ்டர்? ஏதாவது கோளாறா?"

அவள் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள்.

"‘எங்க சாரு’ன்னு சொல்லியாச்சு, சார்."