கதவுக்கு முன்னால் ஒரு பெஞ்ச்

நாச்சிமுத்து அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்த வேகத்தைப் பார்த்தாலே, யாரையாவது நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டார் என்று தெரிந்தது. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியில் கிடந்தது, ஒன்று வாசலில்.

ஐம்பது வயது மனுஷர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அவர்கள் பேசுவதைத் தமிழிலும், இங்கே இருப்பவர்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். பேசிப் பேசிப் பழகிய ஆங்கிலம்தான். இலக்கணமும் சுத்தமாக இருக்கட்டும் என்று சில மாதமாக மெஹர் டீச்சரிடம் வந்து படிக்கிறார். டீச்சருக்கு அவர் மகள் வயது இருக்கும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. டீச்சர் மட்டும் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். நான் பிரிப்பொசிஷன்ல எப்பவாச்சும் தப்புப் பண்ணியிருக்கனுங்களா?"

"இல்லீங்கண்ணா."

"இன், ஆன், அட்?"

"அதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லை."

"அப்புறம் எதுக்குங்க அந்தப் பொம்பள என்னைத் துரோகிங்கறா? அதுவும் டீக்கடையில, அத்தனை பேரு முன்னாடி!"

டீச்சர் பேனாவை மூடி வைத்தாள். "உக்காருங்க. யாரு?"

"பாவாயி. எங்க செக்கிங் பிரிவுல இருக்கறா."

உட்காராமலே சொன்னார். முந்தின நாள் கம்பெனிக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற ஆள். அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். பாவாயி முறை வந்தது. தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று இருக்கிற பின்கதவுக்கு நேர் முன்னாடியே அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றாள். ஒரு உள்ளங்கையை இன்னொன்றின் மேல் அறைந்து காட்டினாள். நாச்சிமுத்து அதை ஆங்கிலத்தில் சொன்னார். வெள்ளைக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"இன்னிக்கு என்னைப் புடிச்சுக்கிட்டா. நான் சொன்னதை நீ அப்படியே சொல்லியிருந்தா அந்த ஆளு எந்திரிச்சு வந்து பாத்திருப்பான், உக்காந்த இடத்துலயே தலையாட்டிட்டான், வழியில எத்தனை சொல்லைக் கொட்டிட்டுப் போனீன்னு கேக்கறாளுங்க. ஒரு எழுத்து இங்கிலீசு தெரியுமா அவளுக்கு?"

"நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"இன் ஃப்ரன்ட் ஆஃப் த டோர். கதவுக்கு முன்னாடி."

"அந்தக்கா சொன்னது?"

"கதவுக்கு நேர் முன்னாடி."

"அதை எப்படிச் சொல்லணும்?"

"ரைட் இன் ஃப்ரன்ட் ஆஃப் த டோர். தெரியாம விடலீங்க. போன வாரம் நீங்கதான நடத்துனீங்க? பிரிப்பொசிஷன் தொடருக்கு முன்னாடி இப்படி ஒரு அட்வெர்ப் வந்து ஒட்டிக்கும்னு. அதை எடுத்துட்டாலும் வாக்கியம் விழாதுன்னு நீங்களே சொன்னீங்க."

"சொன்னேன்."

"விழாதுங்களே?"

"விழாது."

"அவ்வளவுதானுங்களே! எடுத்தாலும் விழாத ஒரு சொல்லு எதுக்குங்க ஆகும்? சும்மா ஒப்புக்குச் சப்பாணி. அதை விட்டதுக்கு நான் துரோகியா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. மணியைப் பார்த்துக்கொண்டார். வெள்ளைக்காரர் அன்று மாலை விமானத்தில் ஊர் திரும்புகிறார். விமான நிலையம் வரைக்கும் நாச்சிமுத்துவும் கூடப் போக வேண்டும். கம்பெனி கார் இங்கே வந்துதான் அவரை ஏற்றிக்கொள்ளும்.

டீச்சர் எழுந்து ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு போய், கதவிலிருந்து ஒரு ஆள் தூரம் விட்டுப் போட்டாள்.

"பெஞ்ச் எங்கே இருக்கு?"

"கதவுக்கு முன்னாடி."

"ஒரு தடவை வெளியே போயிட்டு வாங்க."

சிறுபிள்ளை விளையாட்டாக இருக்கிறதே என்று அவருக்கு எரிச்சல். ஆனாலும் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனார், திரும்பி வந்தார்.

டீச்சர் கதவைச் சாத்தினாள். பெஞ்சைத் தள்ளிக் கதவோடு சேர்த்து முட்டுக் கொடுத்தாள். நோட்டுக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அது உள்பக்கம் திறக்கிற கதவு.

"இப்போ எங்கே இருக்கு?"

"கதவுக்கு முன்னாடிதான்."

"சரி. போயிட்டு வாங்க."

நாச்சிமுத்து கதவைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நோட்டு திருத்த ஆரம்பித்திருந்தாள்.

"விளையாடாதீங்க டீச்சர். கார் வந்துரும்."

"போங்கண்ணா. அப்பவும் கதவுக்கு முன்னாடிதான் இருந்துச்சு, இப்பவும் கதவுக்கு முன்னாடிதான் இருக்கு. வாக்கியத்துல ஒரு குறையும் இல்லையே."

கீழே மெஸ். மாலை வியாபாரத்துக்கு மிளகாய் வறுக்க ஆரம்பித்தார்கள் போல. ஜன்னல் வழியாக நெடி மேலே ஏறியது. முதலில் அவர் செருமினார். பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்குக் கம்பி அடித்திருந்தது. டீச்சருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"டீச்சர், மூச்சு முட்டுதுங்க. எந்திரிங்க."

"பெஞ்ச் எங்கே இருக்கு?"

"கதவுக்கு முன்னாடி..."

இருமல் விடவில்லை. கதவை எட்டிப் பிடித்து ஒரு இழு இழுத்தார். அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அவருக்கு வந்த கோபத்தில் வயது, மரியாதை எல்லாம் காற்றில் பறந்தது.

"நேர் முன்னாடி! கதவுக்கு நேர் முன்னாடி கொண்டாந்து போட்டுட்டு உக்காந்துக்கிட்டுக் கேள்வி வேறயா? மனுஷன் எப்படி வெளியே போறது?"

டீச்சர் எழுந்தாள். பெஞ்சை ஓரமாக இழுத்துப் போட்டுக் கதவை விரியத் திறந்தாள். காற்று வந்தது. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவரிடம் கொடுத்தாள்.

நாச்சிமுத்து குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கோபம் போகவில்லை. யார் மேல் என்பதுதான் மாறிப்போயிருந்தது. கம்பெனிக் கூடத்தில் பாவாயியும் அவளோடு வேலை செய்கிற அத்தனை பெண்களும் தோளோடு தோள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்கதவு ஒன்றுதான், அதுவும் ஒற்றைக் கதவு.

"அந்தச் சொல்லை ஏங்கண்ணா விட்டீங்க?" டீச்சர் இப்போதுதான் கேட்டாள்.

"முதலாளி பக்கத்துல இருந்தாருங்க."

"எவ்வளவு பக்கத்துல?"

"ரொம்பப் பக்கத்துல. என்ற முழங்கையில அவரு முழங்கை இடிக்குது. என்ற வாயையே பாத்துக்கிட்டிருக்காரு. பையன் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அவரு கையிலதான இருக்குது?"

"முதலாளி பக்கத்துல இருந்தாருன்னு மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாமே, 'ரொம்ப' எதுக்கு? அந்த வாக்கியமும் விழாதே."

நாச்சிமுத்து டம்ளரைப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

கீழே கார் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் வெள்ளைக்காரரும் முதலாளியும் இருந்தார்கள். முதலாளி கண்ணாடியை இறக்கி மேலே பார்த்துக் கையை ஆட்டினார்.

வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டார். இன்னொன்றைத் தேடிப் படியில் இறங்கினார். நாலு படி போனவர் நின்றார்.

"டீச்சர், இன்னிக்கு வகுப்புக்கு வர முடியாதுங்க."

"நாளைக்கு?"

"நாளைக்குக் காலையிலயே வந்துடறேனுங்க. விட்ட சொல்லைக் கார்லயே சொல்லிட்டா, அப்புறம் எனக்கு வேலை இருக்காது."

டீச்சர் வாசலுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கண்ணா. பெஞ்சைத் தள்ளியே போட்டு வைக்கிறேன்."