புரளாத பக்கம்

படிக்கட்டிலிருந்து முதலில் செருப்புச் சத்தம்தான் வந்தது. ஒரு கால் தட்டியது. மறுகால் இழுபட்டது.

துறை நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த பேராசிரியை எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

மாசிலாமணி. மில்லில் காலில் அடிபட்டு, வேலையும் போய், அதற்கப்புறம் நூலகவியல் படிக்க வந்தவர். குருவைவிடச் சீடருக்கு ஒரு மாமாங்கம் வயது கூடுதல். படித்து முடித்து, இப்போது ஒரு கிளை நூலகத்தில் வேலை.

மூச்சு வாங்க வந்து நின்றார். பட்டச் சான்றிதழை எடுத்துத் தள்ளுவண்டியில், புத்தகங்களுக்கு மேல் வைத்தார்.

“இதத் திரும்ப எடுத்துக்குங்க மேடம்.”

“இங்க புத்தகம் மட்டும்தான் சார் திரும்ப வாங்குவோம்.”

அவர் சிரிக்கவில்லை.

“ரெண்டு வருஷம் எனக்கு என்னதான் சொல்லிக் கொடுத்தீங்க?”

எஸ்தர் வாயெடுப்பதற்குள் ஒரு மாணவி வந்து நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், பல்கலைக்கழக விதிமுறைப் புத்தகம்…”

“கடைசி வரிசை. கீழ்த்தட்டு. நீல அட்டை.”

மாணவி போனாள். எஸ்தர் வண்டியிலிருந்து அடுத்த புத்தகத்தை உருவினாள்.

“சொல்லுங்க. என்ன ஆச்சு?”

“ஒரு அம்மா வந்தாங்க. கிட்னி பத்திப் புத்தகம் வேணும்னாங்க.”

“கொடுத்தீங்களா?”

“நேராப் போய் எடுத்துட்டேன். பட்டியலக்கூடப் பாக்கல. டாக்டருக்குப் படிக்கிறவங்க புத்தகம். தலகாணி மாதிரி. இங்கிலீஷு.”

“சரியான புத்தகம்தானே?”

“ரொம்பச் சரியான புத்தகம் மேடம். அதான் வயிறு எரியுது.”

எஸ்தர் புத்தகத்தின் முதுகில் எண்ணைத் தேடினாள்.

“விரிச்சு வச்சு உக்காந்திருந்தாங்க. சாத்துற வரைக்கும். அப்புறம் பத்திரமாக் கொண்டாந்து குடுத்து, ‘ரொம்ப நல்ல புத்தகங்க சார்’னுட்டுப் போய்ட்டாங்க. வாசகர் கேள்வி நிறைவேறியதுன்னு நான் டிக் போட்டுட்டு விளக்க அணைச்சேன்.”

“அப்புறம்?”

“புருஷனுக்கு ஆபரேஷனாம். ஆஸ்பத்திரியில கையெழுத்துக் கேட்டிருக்காங்க. போடலாமா வேண்டாமான்னு யார்கிட்டயாவது கேக்கணும். கேக்க ஆளில்ல. அதான் புத்தகம் கேட்டிருக்காங்க.”

“போட்டாங்களா?”

“பயந்துபோய் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. செவ்வாக்கெழம போய்ச் சேந்துட்டாரு. அந்தம்மாவோட கொழுந்தன் நேத்து பேப்பர் படிக்க வந்தப்ப சொன்னாரு.”

“நீங்க டாக்டர் இல்லையே சார்.”

“நான் இல்ல. எங்க நூலகத்துக்கு ரிட்டயர்டு டாக்டர் ஒருத்தர் தினமும் வருவாரு. அன்னிக்கும் வந்திருந்தாரு. அந்தம்மாவுக்கு எதிர் நாற்காலி. நேத்து விஷயத்தச் சொன்னதும் தலையில அடிச்சுக்கிட்டாரு. ‘ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதாய்யா?’ன்னாரு.”

எஸ்தரின் கையில் புத்தகம் பாதி செருகினபடி நின்றது.

“வாசகர் முதல்ல கேக்குறது அவருக்கு வேண்டியது இல்ல, எதுக்குன்னு இதமா விசாரிக்கணும்னு பாடம் நடத்துனீங்க. அந்தப் பேப்பர்ல நான்தான் முதல் மார்க்.”

“தெரியும். நான்தானே போட்டேன்.”

“அன்னிக்கு அந்தம்மா முன்னால பக்கம் புரளவே இல்ல மேடம். நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

“நானும் பாத்திருக்கேன்.”

“என்னத்த?”

“பக்கம் புரட்டாம உக்காந்திருக்கிறவங்கள. இதே ஹால்ல. வருஷத்துக்கு நாலு பேராவது.”

“போய்க் கேட்டீங்களா?”

“அடுக்க வேண்டிய புத்தகம் கிடந்துச்சு.”

“அப்ப அந்தப் பாடம்?”

“பரீட்சையில கட்டாயம் வரும் சார்.”

மாசிலாமணி அவளையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

எஸ்தரும் கேட்டாள். மின்விசிறி சுற்றியது. கடைசி வரிசையிலிருந்து தாள் புரளும் ஓசை வரவில்லை.

“அந்தப் பொண்ணு எதுக்கு மேடம் அந்தப் புத்தகத்தக் கேட்டுச்சு?”

எஸ்தர் அதைக் கேட்டிருக்கவில்லை.

மாசிலாமணி நடந்தார். தட்டல், இழுப்பு. தட்டல், இழுப்பு. எஸ்தர் பின்னாலேயே போனாள்.

கடைசி வரிசை நாற்காலி காலி. நீலப் புத்தகம் கீழ்த்தட்டில் அதன் இடத்திலேயே நேராக நின்றது. ஒழுங்கான பெண்.

பின்பக்கப் படிக்கட்டில் யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பாப்பா! நில்லு தாயி!”

அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி இறங்கினாரோ, செருப்பு படபடவென்று அடித்துக்கொண்டு போனது.

“எதுக்கும்மா அந்தப் புத்தகத்தக் கேட்ட?”

கீழே காலடி நின்றது.

பிறகு அந்தப் பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மேல்படியில் நின்ற எஸ்தருக்கு அது கேட்கவில்லை. நாலு படி இறங்கினால் கேட்டிருக்கும்.

வண்டிக்குத் திரும்பினாள். சான்றிதழை எடுத்து ஓரமாக வைத்தாள். அதற்கடியில் இருந்த புத்தகத்தின் முதுகில் எண்ணைப் பார்த்தாள். அதன் இடத்தில் செருகினாள்.