பொற்கொடி டியூட்டரின் தாழ்ப்பாள்

இருட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். பிரசவ வார்டுக்குள் எங்கோ ஒரு பூனைக்குட்டி முனகியது.

ஏழு கட்டில், ஏழு தாய், ஏழு பிள்ளை. தாய்மார் ஏழு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் வாய் திறந்தவள் மூன்றாம் கட்டில் இசக்கியம்மாள். தலைப்பிள்ளைக்காரி. பிள்ளை பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"பூனை உள்ள வந்துருக்கு சிஸ்டர். கட்டிலுக்கடியில பாருங்க."

அந்த இரவு வார்டுக்குப் பொறுப்பாக நின்ற பெனிட்டா இன்னும் சிஸ்டர் ஆகவில்லை. நர்சிங் பள்ளியில் இரண்டாம் வருடம், இரவு டூட்டியில் ஒன்பதாவது நாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு முழங்காலில் ஊர்ந்தாள். கட்டில்களுக்கு அடியில் இல்லை. துணி அலமாரிக்குப் பின்னால் இல்லை. வாளிக்குள்ளும் இல்லை. பால் வாசனைக்கு வந்திருக்கும் என்றாள் ஒருத்தி. சூ என்று சத்தம் போட்டால் ஓடிவிடும் என்றாள் இன்னொருத்தி. பெனிட்டா சூ என்றும் சொல்லிப் பார்த்தாள்.

முனகல் நிற்கவில்லை. விட்டு விட்டு, ஒரே அளவில் வந்துகொண்டிருந்தது.

தரையில் கிடந்தபடியே அவள் காது கொடுத்துக் கேட்டாள். சத்தம் கீழேயிருந்து வரவில்லை, மேலேயிருந்து வந்தது. எழுந்தாள். இசக்கியம்மாளின் பக்கத்தில் சுற்றிவைத்திருந்த துணிக்குள்ளிருந்து வந்தது.

பெனிட்டா ஓடினாள்.

வார்டு ஸ்டாஃப் நர்ஸ் விக்டோரியா பிரசவ அறையில், பாதிப் பிரசவத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆகவே பெனிட்டா பின்வாசல் வழியாக, கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளை விலக்கிக்கொண்டு, ஹாஸ்டலின் முதல் அறைக்கு ஓடினாள். நர்சிங் பள்ளியில் பாடம் நடத்தும் பொற்கொடி டியூட்டரின் அறை.

அந்த அறைக் கதவு ஊரறிந்த கதவு. டியூட்டர் அதைச் சாத்துவாரே தவிர உள்ளே தாழ் போடமாட்டார். சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. இரவுக்கு ஒரு மாணவிதான் டூட்டி. அந்த ஒருத்தி எந்த நேரமும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகள் ஒரு தடவை கேட்டார்கள். அவனுக்கும் ஊசி போடச் சொல்லிக்கொடுப்பேன் என்று பதில் வந்தது.

பெனிட்டா போன எட்டு இரவும் அந்தக் கதவைத் தள்ளியிருந்தாள். குளுக்கோஸ் சொட்டு மெதுவாக இறங்குகிறது என்று ஒரு நாள். நாடி வேகமாக அடிக்கிறது என்று ஒரு நாள். எதற்குப் போனாலும் டியூட்டரின் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எண்ணினியா?"

பிள்ளை முனகுகிறது என்றதும் அன்றும் அதையே கேட்டார். கேட்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மூச்சு நாப்பதுன்னு எழுதியிருக்கேன் டியூட்டர்."

"எழுதினதைக் கேக்கல."

பெனிட்டா கதவிலிருந்து விலகி வழிவிட்டாள்.

டியூட்டர் ஓடவில்லை. சமையலறையில் தீப்பிடித்தபோதுகூட நடந்துதான் போனார் என்று சொல்வார்கள். ஆனால் பின்னால் வந்த பெனிட்டா ஓட வேண்டியிருந்தது. கட்டிலருகே போனதும் துணியை விலக்கினார். ஆயாவை டாக்டரிடம் விரட்டினார். ஆக்சிஜன் குழாயைப் பிள்ளையின் மூக்கருகே பிடித்தார். பிடித்த கையை எடுக்காமலே இன்னொரு கையிலிருந்த கடிகாரத்தை பெனிட்டாவிடம் நீட்டினார்.

"இப்ப எண்ணு. முழு நிமிஷம்."

ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன நெஞ்சு விலா எலும்புக்குக் கீழே குழிந்து குழிந்து எழுந்தது. பெனிட்டா எண்ணி முடித்தாள்.

"எழுபத்தெட்டு."

அறுபதைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். அவள் அதில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

டாக்டர் வந்தார். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. இசக்கியம்மாள் அந்த அறை வாசலில் சுவரைப் பிடித்தபடி விடியவிடிய நின்றாள். முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது முனகல் நின்றிருந்தது. மூச்சு ஐம்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர்.

மேசையில் நோட்டு கிடந்தது. காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் எழுதும் நோட்டு. டியூட்டர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏழு பிள்ளைக்கும் ஒரே மூச்சு" என்றார்.

பெனிட்டா மறைக்கவில்லை. காய்ச்சல் பார்த்தாள், நாடி பார்த்தாள், மூச்சை மட்டும் பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு இருபது, பிள்ளைகளுக்கு நாற்பது, கண்ணை மூடிக்கொண்டு போடு என்று மூத்த மாணவிகள் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அவர்களுடைய மூத்தவர்கள்.

டியூட்டர் திட்டவில்லை. கதை ஒன்று சொன்னார்.

"ஆண்கள் வார்டுல ஒருத்தர் இருந்தாரு. ராத்திரி அவர் மூச்சு ஒரு மாதிரியா இருக்குன்னு டூட்டியில இருந்த பிள்ளைக்குத் தோணுச்சு. கேக்கலாம்னு டியூட்டர் அறைக்குப் போனா. கதவு உள்ள தாழ் போட்டிருந்துது. தட்டப் பயந்துக்கிட்டுத் திரும்பி வந்துட்டா. வந்து, ஆறு மணிக் கணக்கையும் மேசையில உக்காந்தே எழுதிட்டா. மூச்சு இருபது. காலையில டாக்டர் தொட்டுப் பாத்தாரு. கை விறைச்சிருந்துது. நாலு மணிக்கே போயிட்டாருன்னாரு."

வெளியே யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ளை இப்ப எங்க டியூட்டர்?"

"கதவைத் தாழ் போடாம தூங்குறா."

பெனிட்டா நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பென்சிலால் எழுதிய நாற்பதை அழித்துவிட்டு வேறு எதையாவது போடலாம். அழிரப்பர் பக்கத்திலேயே கிடந்தது. டியூட்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அவள் பேனாவை எடுத்தாள். ஏழு நாற்பதையும் படிக்க முடிகிற மாதிரி ஒற்றைக் கோட்டால் அடித்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'எண்ணவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு மேட்ரன் அறைக்கு அவளே போனாள்.

பொய்க் கணக்கு எழுதியவளை வீட்டுக்கு அனுப்புவதுதான் சட்டம். தன் கடற்கரை ஊரிலிருந்து நர்சிங் படிக்க வந்த முதல் பெண் அவள். பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதை நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் மேசைக்கு முன்னால் நேராகத்தான் நின்றாள். மேட்ரன் கடிதத் தாளை எடுத்தும்விட்டார்.

பின்னாலேயே வந்த பொற்கொடி டியூட்டர் சொன்னது இவ்வளவுதான்.

"இன்னையிலேர்ந்து இந்த ஆஸ்பத்திரியில எண்ணாம எழுத மாட்டான்னு நான் சத்தியம் பண்ணக்கூடிய ஒரே பிள்ளை இவதான். இவள அனுப்பிட்டு யாரை வச்சுக்கப் போறீங்க?"

மேட்ரன் தாளை மடித்து உள்ளே வைத்தார். தண்டனையாக அதே வார்டில் இருபத்தோரு இரவு டூட்டி போட்டார். அதிலும் ஒரு மூச்சு தப்பினால் டியூட்டர் சத்தியத்தையும் கேட்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

வராந்தாவில் பெனிட்டா டியூட்டரை நிறுத்தினாள்.

"என்னை நம்பலாமா டியூட்டர்? நிஜமாச் சொல்லுங்க."

"சொல்லுறேன்."

"எப்போ?"

"சொல்லும்போது உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

ஹாஸ்டலில் அவளுக்கு அன்றே புதுப் பெயர் விழுந்தது. ஏ நாப்பது, குழம்புச் சட்டியை இங்க தள்ளு. ஏ நாப்பது, உன் சோப்பைக் கொஞ்சம் கொடு. ஸ்டாஃப் விக்டோரியாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். பெனிட்டா அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

இரவுகள் தொடங்கின. ஒவ்வொரு கட்டிலருகேயும் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். பிள்ளையின் துணியை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து, முழு நிமிடம் எண்ணுவாள். பச்சைப்பிள்ளை மூச்சு சீராக வராது. நாலைந்து வேகமாக வாங்கும், பிறகு யோசிப்பது போல் நிற்கும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் பொய்தான் வரும். ஏன் சிஸ்டர் என் பிள்ளையை இப்படி உத்துப் பாக்கீங்க, கண்ணு பட்டுரும் என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தாள். நான் மூச்சைத்தான் பாக்கேன், அழகைப் பாக்கல என்றாள் பெனிட்டா. அப்போ அழகா இல்லையா என்று அதற்கும் ஒரு சண்டை.

எட்டாம் நாள் இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனாள். பிள்ளைக்குப் பேர் வைக்கும்வரை பூனைக்குட்டி என்றே கூப்பிடப்போவதாகச் சொன்னாள். போகும்போது பெனிட்டாவின் கையில் பிள்ளையை வைத்தாள். இன்னொரு தடவை எண்ணிட்டுத் தாங்க என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று புருஷன் வாசலில் முனகிக்கொண்டிருந்தான். பெனிட்டா முழு நிமிடம் எண்ணினாள்.

"நாப்பத்திரெண்டு."

"எழுதிக்கோங்க" என்றாள் இசக்கியம்மாள்.

முதல் வாரம் பெனிட்டா தினமும் அந்தக் கதவைத் தள்ளினாள். எண்ணினியா என்ற கேள்விக்கு எண்ணிக்கை கையில் இருந்தது. எண்ணிக்கையைச் சொல்லும்போதே செய்ய வேண்டியதும் அவள் வாயிலிருந்தே வந்துவிடும். டியூட்டர் ம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்வார். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போனாள். மூன்றாம் வாரம் கொடிவரை போவாள், ஈர விரிப்பு முகத்தில் படும், பதில் தெரிந்துவிடும், திரும்பிவிடுவாள்.

இருபத்தோராம் இரவு வார்டு அமைதியாக இருந்தது. ஒரு பிள்ளையும் அழவில்லை. ஐந்தாம் கட்டில் பிள்ளை ரோஜா நிறத்தில், பால் குடித்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டு தூங்கியது. அதன் தாயும் தூங்கினாள். எழுப்பவோ சந்தேகப்படவோ ஒன்றுமே இல்லை.

பெனிட்டா துணியை விலக்கி எண்ணினாள். எழுபத்திரண்டு.

கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி எண்ணினாள். எழுபத்திரண்டு.

ஸ்டாஃப் விக்டோரியா அன்றும் பிரசவ அறையில்தான். டாக்டருக்கு நீயே போன் போடு நாப்பது, எனக்குக் கை ஒழியல என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பெனிட்டா பின்வாசலைப் பார்த்தாள். விரிப்புகள் காற்றில் ஆடின. அவள் போனை எடுத்தாள்.

பிள்ளை பால் குடித்ததா என்று கேட்டார் டாக்டர். குடித்தது. நிறம் மாறியிருக்கிறதா? இல்லை. முனகுகிறதா? இல்லை. அப்படியென்றால் காலையில் பார்க்கலாம் என்றார்.

"எழுபத்திரண்டு டாக்டர். முழு நிமிஷம். ரெண்டு தடவை."

"நீ ஸ்டூடண்ட்தானே?"

"ஆமா டாக்டர். நீங்க வந்து ஒரு தடவை எண்ணிப் பாருங்க. நாப்பது வந்தா நாளைக்கே பெட்டியைக் கட்டிருவேன்."

அந்தப் பக்கம் போனை வைக்கும் சத்தம் கேட்டது. அவள் பிள்ளையருகே போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது.

டாக்டர் தூக்கக் கண்ணோடு எண்ணினார். பாதியிலேயே தூக்கம் போய்விட்டது.

"எழுபத்திநாலு" என்றார். தொற்று ஆரம்பமாக இருக்கலாம், நல்ல நேரத்தில் பார்த்தாய், விடிந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரே கண்ணாடிப் பெட்டி அறைக்கு நடந்தார். மருந்து ஏறியது. தாயை எழுப்பிப் பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததை பெனிட்டாவே பதறாமல் எடுத்துச் சொன்னாள்.

பிரசவ அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த ஸ்டாஃப் விக்டோரியா நோட்டைப் பார்த்தாள். உனக்கு இனி வேற பேருதான் பாக்கணும் என்றாள். பத்து நிமிடம் வார்டை நான் பார்த்துக்கொள்கிறேன், காற்று வாங்கிவிட்டு வா என்றும் சொன்னாள்.

பெனிட்டா விரிப்புகளைத் தாண்டி அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். தள்ளவில்லை. முதல் தடவையாக விரலால் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் டியூட்டர். பெனிட்டா."

"எண்ணினியா?"

"எண்ணினேன். எழுபத்திரண்டு. டாக்டரை வரவச்சேன். மருந்து ஏறுது. பிள்ளை நல்லாயிருக்கு."

"அப்போ எதுக்கு வந்தே?"

அன்று வராந்தாவில் கேட்ட அதே கேள்வியைத்தான் பெனிட்டா கேட்க வந்திருந்தாள். அவள் கேட்கவில்லை.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்து நின்றது. திறக்கப்போகிறார் என்று பெனிட்டா ஒரு அடி விலகினாள்.

கதவு திறக்கவில்லை. எத்தனை வருடத் துருவோ, இரும்பு கறகறவென்று கொஞ்சம் நகர்ந்து நின்றது. உள்ளங்கையால் ஒரு தட்டு. மறுபடி ஒரு தட்டு. மூன்றாவது தட்டில் தாழ்ப்பாள் முழுசாக ஏறி மாட்டிக்கொண்டது.