தலைமுழுகாதவள் தைத்த போர்வை

மலையடிவாரத்தில் தவமணித் தாயாரின் மடம் இருந்தது. அங்கே எல்லோருக்கும் வெள்ளை உடைதான். வடிவம்மாள் மூன்று வருஷமாக அங்கே சிஷ்யை. தாயாரைவிடப் பதினைந்து வயது மூத்தவள். தீட்சை கேட்டபோதெல்லாம், "இன்னும் நாளாகட்டும்" என்றே பதில் வந்தது.

அவள் மகள் செண்பகம் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். இனி அப்படியொரு மகள் இல்லை என்று வீட்டார் அத்தனை பேரும் குளத்தில் இறங்கித் தலைமுழுகினார்கள். வடிவம்மாள் தண்ணீரில் இறங்கவில்லை. கணவருக்குப் பயந்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. படித்துறையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடுத்த மாதமே மடத்துக்கு வந்துவிட்டாள்.

ஆடி மாதத்தில், செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகத் தகவல் வந்தது. வடிவம்மாள் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மகளின் கிளிப்பச்சைத் தாவணி, மாமியாரின் மஞ்சள் சுங்கடி, தன் அரக்குக் கூறைப்புடவை. எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி, பேத்திக்குப் போர்வை தைக்க உட்கார்ந்தாள்.

வெள்ளை மடத்தில் அந்த நிறங்கள் எல்லோர் கண்ணையும் உறுத்தின. பேச்சு தாயார் காதுக்குப் போயிற்று.

தாயார் வந்து போர்வையைத் தடவிப் பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டில் அவள் விரல் நின்றது.

"இது யாருது?"

"எங்க வீட்டுக்காரர் சட்டைம்மா."

"அவர்தான் மகளே இல்லைன்னு சொல்லிட்டாரே."

"அவர் சொன்னார். நான் சொல்லலை. என் பேத்திக்குத் தாத்தா உண்டு."

தாயார் விரலை எடுத்துக்கொண்டாள்.

"வடிவம்மா, வர்ற பௌர்ணமிக்கு உங்களுக்குத் தீட்சை. அதுக்கு முன்னால இதைப் பிரிச்சிடுங்க."

"மாட்டேம்மா."

"தீட்சை வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்ப இங்க இடமும் இல்லை."

"சரிம்மா."

வடிவம்மாள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் கடைசி ஓரத்தையும் மடித்துத் தைத்தாள். தாயாரை விழுந்து கும்பிட்டுவிட்டு மகள் ஊருக்கு பஸ் ஏறினாள்.

செண்பகம் கதவைத் திறந்து பார்த்தாள். "அன்னைக்குப் பேசாம நின்னியே, இன்னைக்கு எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வடிவம்மாள் திரும்பிப் போகவில்லை. போர்வையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தாள். எதிர்வீட்டு அம்மாள் சோறு கொடுத்தாள், சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் கொழுந்தன் தாணுமூர்த்தி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கூடவே இரண்டு பேர்.

"எழுந்திருங்க மதினி. இந்தத் தெருவுல வந்து உட்கார்ந்து எங்க மானத்தை வாங்காதீங்க."

"தலைமுழுகினவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றாள் வடிவம்மாள்.

"அண்ணன் உங்களையும் முழுகிடுவார்."

"முழுகட்டும். இந்தத் தடவையும் நான் இறங்க மாட்டேன்னு சொல்லு."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. தாணுமூர்த்தி போர்வைக்குக் கை நீட்டினான். அவள் எழுந்து நின்றாள். அவ்வளவுதான். அவன் கை பாதியில் நின்றது. அதில் அண்ணன் சட்டையைப் பார்த்தானோ என்னவோ, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. செண்பகம் வெளியே வந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

கார்த்திகை மாதம் வடிவம்மாள் மடத்துக்குப் போனாள். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று வாசலிலேயே நின்றாள். தாயாரே வெளியே வந்தாள்.

"பேத்தி எப்படி இருக்கா?"

"குப்புற விழுந்துட்டாம்மா." பிறகு தயங்கினாள். "ஒண்ணு கேக்கணும். எல்லாத்தையும் விடத்தான் இங்க வந்தேன். மூணு வருஷம் இருந்தும் ஒண்ணையும் விடலையே. உங்க சிஷ்யைன்னு நான் சொல்லிக்கலாமா?"

தாயார் அவளையே பார்த்தாள்.

"வரும்போது ஒரு பயத்தைச் சுமந்துக்கிட்டு வந்தீங்களே வடிவம்மா, அதை எங்க விட்டீங்க?"

வடிவம்மாள் படித்துறையையும் மகள் வீட்டு வாசலையும் நினைத்துப் பார்த்தாள்.