ஏசியில் தெளியும் கண்

"நடிக்கிறவங்களை எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார் அருளப்பன்.

பல வருடம் ஊர் டாக்டராக ஊசி போட்டுக் கைராசிக்காரர் என்று பேர் வாங்கிய மனிதர். ஐம்பதைத் தொடும் வயதில் நரம்பியல் படிக்கத் திருநெல்வேலிக்கு வந்திருந்தார். பாடம் சொன்ன டாக்டர் ஜுலைகா அவரைவிடச் சின்னவர்.

"யாரு நடிக்கிறாங்க?"

"வெளியே இருக்கிற வடிவு. முறுக்குக் கம்பெனியில எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கிற பொண்ணு. அங்கே நின்னா கண்ணு மங்குதாம். இங்கே வந்தா கண் பரிசோதனைப் பலகையில கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கிறா. வேலைக்குப் போக வலிக்குதுன்னு புருஷனே சொல்றார். அம்மா வீட்டுக்கே அனுப்பிடப் போறாராம்."

ஜுலைகா வடிவை உள்ளே அழைத்தார்.

"கொஞ்ச நேரம் புழுங்கும். பரவாயில்லையாம்மா?"

"புழுக்கம் எனக்குப் புதுசா டாக்டரம்மா?"

ஏசியை அணைத்தார். ஃபேனையும் அணைத்தார்.

சித்திரை வெயில். அருளப்பனின் சட்டை முதுகோடு ஒட்டியது. எரிச்சலாக வந்தது. ஜுலைகாவோ முறுக்கு மாவுக்கு உளுந்து எவ்வளவு என்று சாவகாசமாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

வடிவுக்கு வியர்த்து வழிந்தது. பேச்சு பாதியில் நின்றது.

"டாக்டரம்மா, அந்தப் பலகையில எழுத்தைக் காணும். கண்ணுல ஒரே புகையா இருக்கு."

அருளப்பன் திரும்பிப் பார்த்தார். எழுத்துகள் பளிச்சென்றுதான் இருந்தன.

ஜுலைகா ஏசியைப் போட்டார். சற்று நேரத்தில் வடிவுக்குப் பார்வை தெளிந்தது.

"கரண்ட் வயருக்கு இருக்கிற மாதிரி நரம்பு மேல ஒரு உறை இருக்கும்மா. அது கெட்டுப்போனா, உடம்பு சூடானதும் கண்ணு மங்கும். எம்.எஸ்.னு ஒரு நோய், அதுவா இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். மருந்து இருக்கு, பயப்படாதீங்க."

வடிவு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்போ நான் நடிக்கலல்லா? இத எங்க வீட்டுக்காரர்ட்ட நீங்களே சொல்லிருங்க."

நோய் என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை அருளப்பன் கண்டதில்லை. அவருக்கும் மனசு நிறைந்துபோனது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேற ஏதாவது பண்ணுதாம்மா? சொல்லுங்க, கேக்கறேன்."

"தலையக் குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிக்குன்னு போன தடவையே சொன்னேம்லா அய்யா," என்றாள் வடிவு. "நீங்கதான் வீட்டுக்குக் கரண்ட் பில்லு மிச்சம்னு சொல்லிச் சிரிச்சிய."