பதினோராவது மண்வெட்டி

முன்பொரு காலத்தில் குன்றவளநாடு என்ற நாட்டை மிடுக்கவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் மனத்தில் ஓர் ஆசை முளைத்துவிட்டால் அது உடனே நடந்தாக வேண்டும். "நடக்கிற காரியமா?" என்று கேட்கிறவன் அவன் கணக்கில் துரோகி.

ஒருநாள், பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வருவதாகச் சேதி வந்தது. மிடுக்கவர்மனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"அவன் அரண்மனை முற்றத்துக் கிணற்றில் தண்ணீர் இளநீராய் இனிக்கிறதாம். போனமுறை என்னிடமே பீற்றிக்கொண்டான். நம் முற்றத்திலும் ஒரு கிணறு வெட்டுங்கள்!"

மந்திரி தேனப்பர் வணங்கிச் சொன்னார்: "வெட்டிவிடலாம் அரசே. பத்து ஆட்கள் போதும், முப்பது நாளில் தண்ணீர் பார்க்கலாம்."

"முப்பது நாளா? அவன் நாளை மறுநாள் வருகிறான் ஐயா!"

இந்தத் தருணத்துக்காகவே தவமிருந்தவர் ஆஸ்தானக் கணிதர் எண்ணாயிரப் பண்டிதர். மந்திரியின் முத்திரை மோதிரத்தின்மேல் அவருக்கு வெகுகாலமாக ஒரு கண். நெஞ்சுவரை தொங்கிய தாடியை நீவிக்கொண்டே எழுந்தார்.

"அரசே, மந்திரியாருக்கு நிர்வாகம்தான் வராது என்று நினைத்திருந்தேன். கணக்கும் வராது போலிருக்கிறது. பத்துப் பேர் முப்பது நாளில் வெட்டும் கிணற்றை முந்நூறு பேர் ஒரே நாளில் வெட்டுவார்கள். ஆள் கூடினால் நாள் குறையும். இதற்கு எதிர் விகிதம் என்று பெயர். பள்ளிப் பிள்ளையும் சொல்லும்!"

"ஒருவேளை முடியாவிட்டால்?" என்றான் ராஜா.

"கணக்குப் பொய்க்காது அரசே. முடியாவிட்டால் ஆட்கள் சோம்பேறிகள் என்று பொருள். ஆளுக்கு இருபது சவுக்கடி கொடுத்தால் போகிறது."

ராஜா துள்ளிக் குதித்தான். "பண்டிதரே, நாளைப் பொழுது சாய்வதற்குள் கிணறு முடிந்தால் மந்திரி மோதிரம் உமக்குத்தான்!"

அது அறுப்புக் காலம். விடிந்ததும் விடியாததுமாகச் சேவகர்கள் வயலில் நின்ற முந்நூறு பேரை வளைத்து இழுத்துவந்தார்கள். முற்றிய கதிர் குருவிக்கு விருந்தானது. அரண்மனை வாசலில் அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து கூடி நின்றார்கள்.

முற்றத்தில் குறித்திருந்த வட்டமோ எட்டு முழ அகலம். பத்துப் பேர் இறங்கியதும் குழி நிறைந்துவிட்டது. இருபதாவது ஆள் இறங்கியபோது ஒருவன் முழங்கை இன்னொருவன் மூக்கை உடைத்தது. பண்டிதர் குடை நிழலில் நின்று கத்தினார்: "இறங்குங்கடா! கணக்குப்படி இறங்குங்கள்!"

"சாமி, இது குழியா, சந்தைக்குப் போற வண்டியா? காலை எங்கே வைக்கிறது?" என்றான் மூக்குடைந்தவன். பதிலுக்குச் சேவகன் சவுக்கை உதறிக் காட்டினான்.

தேனப்பர் இதைப் பார்த்தார். வாதாடினால் துரோகிப் பட்டம்தான் மிச்சம். அவர் நேரே ஊருக்குள் போனார். திரும்பி வந்தபோது பின்னால் முப்பது நாவிதர்கள், முப்பது கத்திகளோடு.

சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ராஜா அலறினான். "என்ன இது, கலகமா?"

"சவரம் அரசே. ஒரு நாவிதருக்கு ஒரு நாழிகை, அதாவது அறுபது விநாழிகை ஆகிறது. விருந்தாளி வருகிற நேரத்தில் அத்தனை பொழுதை வீணாக்கலாமா? பண்டிதர் கணக்குப்படி முப்பது பேர் இரண்டே விநாழிகையில் முடித்துவிடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான்."

ராஜா கத்திகளைப் பார்த்தான். தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். "கணக்கு பண்டிதருடையதுதானே? முதலில் அவர் தாடியில் செய்து பார்ப்போம். கூப்பிடுங்கள் அவரை!"

பண்டிதரைப் பிடித்து மணையில் உட்காரவைத்தார்கள். முப்பது கத்திகள் ஒரே முகத்தை நோக்கி வந்ததும் அவர் இரண்டு கைகளாலும் தாடியைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ! இத்துனூண்டு முகத்தில் முப்பது கை எப்படி நுழையும்? இடம் வேண்டாமா?"

"அதைத்தான் அந்தக் குழியும் காலையிலிருந்து கேட்கிறது பண்டிதரே," என்றார் தேனப்பர். "நிற்க இடம் இருக்கிறவரைதான் ஆள் கூடினால் நாள் குறையும். அதற்குமேல் மூக்குதான் உடையும்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு முதலில் கோபம், பிறகு வெட்கம், கடைசியில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தேனப்பரே, உமக்கு என்ன வேண்டும்?"

"இவர்களை அறுப்புக்கு அனுப்புங்கள் அரசே. இருபது வண்டி நெல்லுக்காவது கதிர் மிஞ்சியிருக்கும்."

முந்நூறு பேரும் ராஜ செலவில் சாப்பிட்டு, அறுப்புக்கூலியும் வாங்கிக்கொண்டு போனார்கள். "விருந்தாளி இந்தமுறை இளநீரே குடித்துவிட்டுப் போகட்டும்," என்றான் ராஜா. கிணறு வெட்டக் கைதேர்ந்த பத்துப் பேர் வந்தார்கள். ராஜா பண்டிதரிடம் ஒரு மண்வெட்டியை நீட்டினான்.

"பதினோராவது ஆள் நீர். இப்போது எத்தனை நாளில் முடியும்?"

பண்டிதர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "இருபத்தேழு நாளும்... சில நாழிகையும்."

"தாண்டினால் நீர் சொன்ன அதே இருபது சவுக்கடி."

பண்டிதர் இறங்கினார். முதல் நாள் உள்ளங்கை கொப்பளித்தது. மருந்து போட ஒருவன் போனான். மறுநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மேலே தூக்கிவிட இரண்டு பேர் போனார்கள். மூன்றாம் நாள் வெட்டிப்போட்ட மண்ணைத் திரும்ப உள்ளேயே சரித்தார். இப்படியாகக் கிணற்றில் தண்ணீர் கண்டபோது முப்பத்துமூன்று நாள் ஆகியிருந்தது.

"சவுக்கைக் கொண்டு வாருங்கள்!" என்றான் ராஜா.

தேனப்பர் குறுக்கே வந்தார். "அடிக்காதீர்கள் அரசே. கணக்கு துல்லியமாக வந்திருக்கிறது. பத்துப் பேருக்கு முப்பது நாள். பதினோரு பேருக்கு முப்பத்துமூன்று நாள். பண்டிதர் சேர்ந்தால் எதிர் விகிதமும் நேர் விகிதமாகிவிடும், அவ்வளவுதான்!"